களைக்கொட்டும் முதுகெலும்பும்: விழுப்புரம் – திண்டிவனம் பகுதி வேளாண் கருவிகளில் உழைப்போர் உடல்நலன்

ஆய்வுச் சுருக்கம்

கடந்த ஒன்றரை நூற்றாண்டில் விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் வேளாண் கருவிகள் பல மாற்றங்களைக் கண்டன. ஏற்றத்தின் இடத்தில் எண்ணெய் எந்திரமும் பின்னர் மின் இறைப்பியும் வந்தன. விரலால் நிலக்கடலை உடைத்த இடத்தில் உடைப்புப் பொறி வந்தது. ஆயினும் பெண்கள் குனிந்தும் குந்தியும் கையாளும் களைக்கொட்டு பெரும் மாற்றமின்றி நீடிக்கிறது. இம்மாற்றங்களும் மாறாமையும் எந்த அளவுகோலால் தீர்மானிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கருவி வடிவமைப்பில் நீரின் விலை, மாட்டின் வலிமை, எண்ணெயின் தரம் ஆகியவை கருதப்பட்ட பின்னரே உழைப்பவரின் உடல் கருதப்பட்டது என்பதும், அவ்வரிசையில் பெண்ணின் உடல் இறுதியாகவே இடம்பெற்றது என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பணிச்சூழலியல், களைக்கொட்டு, நிலக்கடலை, திண்டிவனம், பெண் வேளாண் தொழிலாளர்

முன்னுரை

பணி செய்வோரின் உடலுக்கும் அவர் கையாளும் கருவிக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படும். இத்துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1857இல் முதன்முதலாக ஆண்டவர் போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி ஆவார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1949இல் இங்கிலாந்தில் இதற்கென ஓர் ஆய்வுக் கழகம் தோன்றியது. தொழிற்சாலை, போர்விமானம், அலுவலகம் ஆகியவற்றைக் களமாகக் கொண்டு வளர்ந்த இத்துறை, வயலுக்கு வரக் காலம் பிடித்தது.

இத்துறையின் வரலாற்றைத் தமிழகச் சூழலில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரையே எடுத்துக்கொள்வர். ஆனால் தமிழகத்தில் மிகப் பலர் மிக நீண்ட காலம் கையாண்ட கருவிகள் வேளாண் கருவிகளே. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியாகிய விழுப்புரமும் திண்டிவனமும் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களங்கள். மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் கலந்த இப்பகுதியில் நிலக்கடலை, நெல், கரும்பு ஆகிய மூன்றும் விளைகின்றன. மேலும், எண்ணெய் வித்துகளுக்கான ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்திலேயே அமைந்திருப்பதால், அறிவியலும் கைக்கருவியும் அருகருகே இருந்த வரலாற்றை இங்குக் காண முடிகிறது.

பழைய சொற்கள் காட்டும் செய்தி

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊராகச் சிறுபாணாற்றுப்படையில் பேசப்படுவது. இத்தகைய பழைமை கொண்ட நிலப்பகுதியில் உழவுக் கருவிகளின் பெயர்களும் பழைமையானவை. 'துளர்' என்னும் பழஞ்சொல் களைக்கொட்டையும் களை எடுக்கும் செயலையும் குறிக்கும். திருக்குறளின் உழவு அதிகாரம் உழுதல், எருவிடுதல், நீர்பாய்ச்சுதல், காத்தல் ஆகியவற்றோடு களை எடுத்தலையும் பயிர்த்தொழிலின் இன்றியமையாக் கூறாக எண்ணுகிறது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் போற்றுகிறது.

இவற்றிலிருந்து ஒன்று புலனாகிறது. உழவு ஆணின் தொழிலாகவும் ஏர் உழவனின் பெருமைக்குரிய அடையாளமாகவும் நிலைபெற்றன. களை எடுத்தலும் நாற்று நடுதலும் பெண்களின் தொழிலாயின. ஏர் குடும்பத்தின் சொத்து. அதனைச் செய்வதற்குத் தச்சரும் கொல்லரும் இருந்தனர். களைக்கொட்டோ சிறு இரும்புத் தகடும் ஒரு சாணளவு மரப்பிடியும் கொண்டது. பொதுவாகக் கூலிக்குச் செல்லும் பெண் அதனைத் தானே கொண்டுசெல்வார். முதலீடு தேவைப்படாத கருவியை மேம்படுத்துவதில் நில உடைமையாளருக்கு நாட்டம் பிறப்பதற்குக் காரணம் இருக்கவில்லை.

மாட்டின் வலிமை, நீரின் விலை

சென்னை மாகாணத்தில் வேளாண் கருவிகளை மாற்றும் அரசு முயற்சி 1860களில் தொடங்கியது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை அமைக்கப்பட்டு, மேலைநாட்டுக் கலப்பைகள் முதலியன அங்குச் சோதிக்கப்பட்டன. 1876இல் அங்கே வேளாண் பள்ளியும் தோன்றியது. அக்கல்வி பின்னர்க் கோயம்புத்தூருக்கு மாறியது.

இக்காலத்து விவாதங்களைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு செய்தியைக் காணலாம். இரும்புக் கலப்பை ஏற்றதா, மரக்கலப்பை ஏற்றதா என்னும் வினாவிற்கு விடை தேடியோர் மண்ணின் ஆழத்தையும் மாட்டின் இழுவைத் திறனையும் உழவரின் பொருள்நிலையையும் கருதினர். 1889 முதல் 1891 வரை இந்தியாவில் பயணம் செய்து 1893இல் அறிக்கை வெளியிட்ட வேல்க்கர், உள்நாட்டுக் கலப்பையை எளிதில் இகழ்ந்துவிட இயலாது என்றும் இங்குள்ள மாடுகளின் வலிமைக்கும் உழவரின் வசதிக்கும் அது பொருந்துவது என்றும் விளக்கினார். கருவியை அதனை இயக்கும் உயிரின் ஆற்றலோடு பொருத்திப் பார்க்கும் இந்நோக்கு, பணிச்சூழலியல் நோக்கே. ஆயின் அங்கே பொருத்திப் பார்க்கப்பட்ட உயிர் மாடு. மாட்டின் கழுத்துக்குக் கிடைத்த கவனம், குந்தியிருந்து களை எடுக்கும் பெண்ணின் முதுகுக்குக் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நீர் இறைப்பின் வரலாறும் இதனையே காட்டுகிறது. ஏற்றம் மிதித்தல் இடர் நிறைந்த தொழில். கிணற்றின் மேல் நீண்டிருக்கும் துலாவில் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். கால் தவறினால் உயிர் போகும். சென்னை மாகாணத்தின் தொழில்துறைக்குப் பொறுப்பு வகித்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எந்திரத்தால் நீர் இறைக்கும் முறையைப் பரப்பினார். 'ஏற்றுப் பாசனம்' எனப் பொருள்படும் தலைப்பில் 1912இல் நூலும் வெளியிட்டார். அவருடைய ஒப்பீட்டின் மையம், குறிப்பிட்ட அளவு நீரைக் குறிப்பிட்ட உயரத்திற்கு ஏற்ற ஆகும் செலவு. விடுதலைக்குப் பின்னர்ச் சென்னை மாநிலம் கிணறுகளுக்கு மின் இணைப்பு வழங்குவதில் நாட்டின் முன்வரிசையில் நின்றது. ஏற்றம் மறைந்தது, அதனோடு அதன் இடரும் மறைந்தது. ஆனால் அது செலவுக் கணக்கின் துணைவிளைவு. ஏற்றக்காரரின் உடலுக்காக ஏற்றம் கைவிடப்படவில்லை.

மல்லாட்டையும் உடைப்புப் பொறியும்

மணிலாக்கொட்டை என்பது மருவி 'மல்லாட்டை' என இப்பகுதி மக்கள் வழங்கும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டின் முதன்மை வணிகப் பயிராக வளர்ந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகருக்கு அது ஏற்றுமதியானது. 1879இல் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபின் இவ்வணிகம் மேலும் விரிந்தது.

இவ்வணிகத்தின் அடித்தளம் கைவேலையே. செடியைப் பிடுங்குதல், காயைப் பறித்தல், ஓட்டை உடைத்தல் ஆகிய மூன்றிலும் பெண்களும் சிறுவரும் பெருமளவில் ஈடுபட்டனர். உடைப்பை எளிதாக்கக் காயை நனைக்கும் வழக்கம் இருந்தது. நனைந்த பருப்பு நீண்ட கடற்பயணத்தில் கெட்டு, அதன் எண்ணெயில் புளிப்புத்தன்மை மிகும். இதனால் வணிகர் குறைகூறினர். உலர்ந்த காயை அப்படியே உடைக்கும் பொறிகள் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம். பொறியால் உடைத்த பருப்பு சந்தையில் மேலானதாக மதிக்கப்பட்டது.

விரல்நுனி தேய உடைத்தவரின் துன்பம் இம்மாற்றத்தில் கருதப்பட்டதற்குச் சான்று இல்லை. எனினும் பயன் விளைந்தது. அதே வேளையில் இழப்பும் நேர்ந்தது. பொறி ஆலைக்குள் சென்றபோது, வீட்டு வாயிலில் அமர்ந்து உடைத்துப் பெற்ற கூலி குறைந்தது. கருவி மாற்றத்தில் உடல்நலனும் வேலைவாய்ப்பும் எதிரெதிராக நிற்கும் இச்சிக்கல் பின்னரும் தொடர்வதைக் காணலாம்.

செடியின் வடிவமும் உழைப்பின் வடிவமும்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை, எள் முதலிய பயிர்களில் புதிய இரகங்களை உருவாக்கியது. 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகள் திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் கொத்து இரகம் தமிழகத்திற்கு வெளியேயும் பல பத்தாண்டுகள் பயிரிடப்பட்டது.

இரக மாற்றத்தைக் கருவி வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும் தேவை உண்டு. கொடி இரகத்தில் காய்கள் மண்ணில் பரவலாகப் பதிந்திருக்கும். ஆகவே மண்ணைக் கிளறித் தேடிப் பொறுக்க வேண்டும். கொத்து இரகத்தில் காய்கள் தண்டின் அடியில் குவிந்திருப்பதால், ஈரம் உள்ளபோது செடியைக் கையால் பிடுங்கினாலே பெரும்பாலானவை வந்துவிடும். குறைந்த வயது, விளைச்சல் ஆகியவற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செடி, அறுவடை செய்வோரின் குனிவையும் ஓரளவு குறைத்தது. கருவி மாறாமலே உழைப்பு மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

களை எடுத்தலில் அத்தகைய பயன் விளையவில்லை. நிலக்கடலையில் விதைத்த 20 முதல் 25 நாளில் ஒருமுறையும் 40 முதல் 45 நாளில் மறுமுறையும் களை எடுப்பர். இரண்டாம் களையின்போது ஜிப்சம் இட்டு மண் அணைப்பர். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்கத் தொடங்குவதால் நிலத்தைக் கிளறக் கூடாது. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்னும் இடைவெளியில் செடியைச் சிதைக்காமல் களையை மட்டும் அகற்ற வேண்டும். இந்த நுட்பத்தைக் குறுகிய பிடி கொண்ட களைக்கொட்டு தருகிறது. அது நீடித்தமைக்குப் பழக்கம் மட்டுமன்றி இதுவும் காரணம்.

இதற்கு மாற்றாக, நின்றபடியே தள்ளி இயக்கும் நீண்ட பிடி கொண்ட புன்செய்க் களைக்கருவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. நட்சத்திர வடிவச் சக்கரமும் முளைகள் பொருத்திய சக்கரமும் கொண்ட இவை வரிசை இடையில் நன்கு வேலை செய்யும். ஆனால் வரிசை நேராக அமைய வேண்டும். மண்ணில் அளவான ஈரம் இருக்க வேண்டும். செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். விதைப்பு மாறாமல் களைக்கருவி மட்டும் மாற இயலாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

குறும்பிடி: ஓர் ஒப்பீடு

குறுகிய பிடி கொண்ட கருவி பிற நாட்டிலும் சிக்கலானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரைத் தோட்டங்களிலும் கிழங்குத் தோட்டங்களிலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர், ஏறத்தாழ 30 செ.மீ. பிடி கொண்ட கொத்தினால் நாள் முழுதும் குனிந்து வேலை செய்தனர். முதுகெலும்பு நிலையாகப் பழுதடைவதை மருத்துவர் எடுத்துரைத்தனர். குறும்பிடி இல்லையேல் நுட்பமாக வேலை செய்ய இயலாது, பயிர் அழியும் என்று பண்ணை உடைமையாளர் வாதிட்டனர். தொழிலாளர் தரப்பின் வழக்கில் 1975இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், கருவி உடைந்தோ பழுதுபட்டோ இருந்தால் மட்டுமே 'பாதுகாப்பற்றது' எனக் கொள்வது குறுகிய பொருள் என்றும், பயன்படுத்தும் முறையால் உடலைக் கெடுக்கும் கருவியும் பாதுகாப்பற்றதே என்றும் கருதியது. அவ்வாண்டிலேயே அக்கொத்து தடைசெய்யப்பட்டது.

தடை மட்டும் போதவில்லை. கருவியே இன்றி வெறுங்கையால் குனிந்து களை பறிக்கச் செய்யும் வழக்கம் தொடர்ந்தது. 2004இல் அதற்கும் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. கேடு கருவியில் மட்டுமன்றி உடல் நிற்கும் நிலையிலும் உள்ளது என்பதை உணர அங்கே சட்டத்துக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின.

இரு சூழல்களும் முற்றிலும் ஒன்றல்ல. அங்கே பெரும் பண்ணையும் ஒரு முதலாளியும் இருந்ததால் பொறுப்பை ஒருவர்மேல் சுமத்த முடிந்தது. இங்கே ஓரிரு ஏக்கர் வைத்திருப்போரும் கூலி கொடுப்போராகவும் கூலி பெறுவோராகவும் மாறி மாறி இருக்கின்றனர். எனினும் 'நுட்பத்துக்குக் குறும்பிடி தேவை' என்னும் வாதம் இரு இடத்துக்கும் பொது. தடைக்குப் பின் நீண்ட பிடியால் அங்கே பயிர் அழிந்துவிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

உடலை அளந்த காலம்

இந்தியாவில் வேளாண் தொழிலாளரின் உடலை முறையாக அளந்து கருவி வடிவமைக்கும் முயற்சி 1990களில் வலுப்பெற்றது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒருங்கிணைந்த திட்டம் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் தலைமையில் நடைபெற்றது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் மையங்களுள் ஒன்று. இத்திட்டத்தின் பயனாக 79 உடலளவுகளையும் 16 வலிமை அளவுகளையும் கொண்ட தொகுப்பு 2009இல் வெளிவந்தது.

வேலையின் கடுமையை அளக்கும் முறையும் அக்காலத்தில் உருப்பெற்றது. 1994இல் இந்தியப் பெண்களின் வேலைச்சுமையை இதயத் துடிப்பால் வகுத்த அளவுகோல் ஒன்று வெளியாயிற்று. அதன்படி நிமிடத்திற்கு 106 முதல் 120 வரையிலான துடிப்பு நடுத்தரக் கடும் வேலையையும், 121 முதல் 135 வரையிலானது கடும் வேலையையும் குறிக்கும். 1996இல் புவனேசுவரத்தில் வேளாண்மையில் பெண்களுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் தோன்றியது. அதன் பின்னரே பெண்களின் உடலளவுக்கேற்பக் கருவிகளைத் திருத்துதல் தனி ஆய்வுப் பொருளாக வளர்ந்தது.

இந்திய வேளாண் தொழிலாளருள் பெண்களின் சராசரி உயரம் ஆண்களினும் 10 செ.மீ.க்கும் மிகுதியாகக் குறைவு. கைப்பிடி வலிமையிலும் தள்ளும் வலிமையிலும் வேறுபாடு உண்டு. ஆணின் தோள் உயரத்துக்கு அமைந்த பிடியைப் பெண் தள்ளும்போது முழங்கை உயர்ந்து தோள் வலிக்கும். பிடியின் சுற்றளவு மிகுந்தால் விரல் மூடாமல் பிடி நழுவும். இவற்றைத் திருத்துதல் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று.

நிலக்கடலைக்கான கருவிகளில் இந்நோக்கின் பயனைக் காணலாம். சட்டகத்தின் நாற்புறமும் சீப்புப் போன்ற பற்கள் பொருத்திய காய் பறிக்கும் கருவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். செடியைப் பற்களில் இழுத்தால் காய் உதிரும். அரைவட்டச் சல்லடையின்மேல் நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்துக் காய் உடைக்கும் கைப்பொறி நின்று இயக்குவதாக இருந்தது. அதனை அமர்ந்து இயக்கும் வகையிலும் வடிவமைத்தனர். இவற்றுக்கு எரிபொருள் தேவையில்லை. பழுது நேர்ந்தால் சிற்றூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம்.

கருவி வந்ததும் கை மாறுதல்

நெல் வயலில் நிகழ்ந்தது வேறு. 1950களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி இந்தியாவில் பரப்பப்பட்டபோது வரிசை நடவும் உருள் களைக்கருவியும் அறிமுகமாயின. 2000க்குப் பின் செம்மை நெல் சாகுபடியோடு அக்கருவியும் கோனோ களைக்கருவியும் மீண்டும் வந்தன. 25 செ.மீ. சதுர இடைவெளியில் நட்ட வயலில் நின்றபடியே களையை மண்ணில் அமிழ்த்த இவை உதவின. குனிந்து களை பறிக்கும் துன்பம் நீங்க வாய்ப்புத் தோன்றியது.

ஆனால் தமிழகத்தில் இம்முறையை ஆராய்ந்தோர், கருவி வந்த வயலில் களை எடுக்கும் வேலை பெண்களிடமிருந்து ஆண்களுக்கு மாறுவதைக் கண்டனர். சேற்றில் கோனோ கருவியை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பது பெண்களுக்குக் கடினமாக இருந்தது ஒரு காரணம். பொறி என்றால் அது ஆணுக்குரியது என்னும் சமூக வழக்கு மற்றொரு காரணம். இதன் விளைவு எண்ணத்தக்கது. உடலுக்குப் பொருந்தாத கருவி உடலை வருத்துவதோடு நிற்பதில்லை. அவ்வுடலுக்குரியவரின் வேலையையும் பறித்துவிடுகிறது. ஆகவே கருவியின் எடையும் பிடியின் உயரமும் வெறும் பொறியியல் அளவுகளல்ல. கூலிநாள்களின் எண்ணிக்கையும் அவற்றைச் சார்ந்துள்ளது.

சட்டத்தின் எல்லை

உழைப்போர் உடல்நிலையைச் சட்டம் எங்கே கண்டுகொண்டது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்வோர் வாய்ப்புள்ளபோது அமர இருக்கை வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டு ஆபத்தான பொறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் விசைக் கதிரடிப் பொறிகளைக் கருத்திற் கொண்டது. அப்பொறிகளில் கை துண்டிக்கப்பட்ட நேர்வுகள் அதற்குக் காரணமாயின. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைப் பணியாளருக்கு இருக்கை உரிமையை வழங்கின. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் துணிக்கடையில் நாள் முழுதும் நின்ற பெண்ணுக்கு இதனால் அமரும் உரிமை கிடைத்தது. அவருடைய தாய் வயலில் குனிந்திருக்கும் நிலைக்கு அத்தகைய சட்டம் இல்லை.

2006இல் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. தமிழகத்தில் இத்திட்டத்தின் பணியாளருள் பெரும்பாலோர் பெண்களாக இருந்தனர். குடிநீர், நிழல், முதலுதவி ஆகிய பணியிட வசதிகளை அதற்கான சட்டம் எண்ணிச் சொன்னது. அப்பட்டியலில் மண்வெட்டியின் எடையும் பிடியின் நீளமும் இடம்பெறவில்லை. தோண்டிய மண்ணின் கன அளவால் வேலை கணக்கிடப்படும்போது, உடலுக்குப் பொருந்தாத மண்வெட்டி கூலியையும் குறைக்கும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, இப்பகுதியின் கருவி மாற்றங்கள் பலவும் உழைப்பவரின் உடலை நோக்கமாகக் கொண்டு நிகழ்ந்தவையல்ல. ஏற்றம் நீரின் விலைக்காகவும், கையுடைப்பு எண்ணெயின் தரத்துக்காகவும் மறைந்தன. உடலுக்கு விளைந்த நன்மை துணைவிளைவே.

இரண்டாவது, வணிகக் காரணம் எழாத இடத்தில் கருவி மாறவில்லை. களைக்கொட்டு அத்தகையது. அதனால் விளையும் முதுகுவலி கூலி பெறுவோரின் கணக்கில் எழுதப்பட்டதேயன்றிக் கூலி கொடுப்போரின் கணக்கில் எழுதப்படவில்லை.

மூன்றாவது, நல்ல வடிவமைப்பு மட்டும் போதாது. வரிசை விதைப்பு, கருவியை வாடகைக்குப் பெறும் வழி, பெண்களுக்கே அதனை இயக்கும் பயிற்சி ஆகியன உடன்வராவிடில் புதிய கருவி கிடங்கில் கிடக்கும். அன்றேல் வேறொருவர் கைக்கு மாறும்.

வேளாண் பொறியியலார் உடலளவுகளைத் தொகுத்துவிட்டனர். இனி வரலாற்று ஆய்வாளரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளரும் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. களைக்கொட்டின் வடிவ வேறுபாடுகள், வட்டாரப் பெயர்கள், பிடியைத் தமக்கேற்பப் பெண்களே திருத்திக்கொண்ட முறைகள் ஆகியவற்றை ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். அத்திருத்தங்களைச் செய்த பெண்கள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களின் கைப்பழக்கம் பதிவு பெறாமல் மறையுமாயின், அடுத்த கருவியும் அவர்களைக் கேளாமலே வடிவமைக்கப்படும்.